கிளியும் அன்னமும்: மேடைத்தமிழ் கேட்ட மாணவர்

ஏற்காட்டு ஏரி நிறைந்து வழியும் நாள்களில் கிளியூர் அருவி ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து வீழ்கிறது. அருவிக்கு அருகில் நிற்பவர்க்கு அதன் ஓசையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. அருகில் இருப்பவர் சொல்லும் சொல்லும் செவியில் ஏறாது. சற்று விலகி, மலைவிளிம்பில் நின்று தெற்கே நோக்கினால், சேலம் நகரம் கீழே பரந்து கிடப்பது தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தமிழ்ப் பேச்சு வரலாற்றில் அந்நகர்க்கும் அதனைச் சூழ்ந்த மாவட்டத்திற்கும் உள்ள பங்கு சிறிதன்று. ஆயின் அவ்வரலாறு இதுவரை பேசினோர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கேட்டோர் வரலாறு, குறிப்பாகப் பதினான்கு முதல் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட மாணவர் வரலாறு, தனியே எழுதப்படவில்லை.

மாணவர் எவ்வாறு கேட்கின்றனர் என்பதைத் தமிழ் இலக்கணத்தார் எண்ணாமல் விடவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை முத்திறத்தாராகப் பகுத்து உவமை கூறுகிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அமைதியாக இருந்து அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழைத்த அளவுக்கு விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு ஆயின. நெய்யரி நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடம் தேக்கிக்கொள்ளும். மேடைப்பேச்சின் எதுகை மோனையை மட்டும் மனத்தில் நிறுத்திக் கருத்தைக் கோட்டைவிடுவார் எக்காலத்தும் உண்டென்பதால், இவ்வுவமை இன்றும் பழுதுபடவில்லை.

கிளிக்குப் பவணந்தியார் தந்த இடம் நடுவிடம். அவர் அதனை இகழவும் இல்லை, போற்றவும் இல்லை. வகுப்பறைக்கு வகுத்த இப்பாகுபாடு பொதுமேடைக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. வகுப்பறையில் ஆசிரியர் அறிவுறுத்துகிறார். மேடையில் பேச்சாளர் கேட்போரைத் தம்வயப்படுத்த முயல்கிறார். அறிவுறுத்தலுக்கு மாணவன் செலுத்தும் விலை தேர்வுக் கட்டணத்தோடு முடிந்துவிடும். வயப்படுதலுக்குச் செலுத்தும் விலை சில வேளைகளில் வாழ்நாள் முழுதும் தொடரும். அவ்வாறு விலை கொடுத்த இருவர் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கொள்கை வழியில் சேலம் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தனர். இருவரும் பள்ளிப்படிப்பை முடிக்காதவர். இருவரும் பின்னர்த் தமிழ் உரைநடையின் போக்கையே மாற்றியவர்.

பள்ளியைத் துறந்தவர்

முதலாமவர் மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்து திருச்சியில் தேசியக் கல்லூரி உயர்நிலைப்பள்ளியில் பயின்ற இரா. கிருஷ்ணமூர்த்தி. கல்கி என்றால்தான் உலகம் அறியும். 1920 செப்டம்பரில் கல்கத்தாவிலும் அவ்வாண்டு டிசம்பரில் நாகபுரியிலும் கூடிய காங்கிரசு மகாசபை ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்றது. அரசினரோடு தொடர்புடைய பள்ளி கல்லூரிகளை மாணவர் விட்டு வெளியேற வேண்டுமென்பது அத்திட்டத்தின் ஒரு கூறு. நாடெங்கும் மேடைகளில் காந்தியடிகளின் அழைப்பு எதிரொலித்தது. 1921இல் கிருஷ்ணமூர்த்தி பள்ளியைவிட்டு வெளியேறினார். பள்ளியிறுதித் தேர்வு கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது. 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஏழைக் குடும்பத்தில் தந்தையை இழந்த ஓர் இளைஞர் பள்ளியிறுதிச் சான்றிதழைக் கைவிடுவதன் பொருளை இன்று முழுமையாக உணர்வது அரிது. அச்சான்றிதழ் அக்காலத்தில் ஓர் எழுத்தர் வேலைக்கும், அவ்வேலை ஒரு குடும்பத்தின் இருவேளைச் சோற்றுக்கும் உறுதிமொழியாய் விளங்கியது.

இவ்விலையைப் பற்றி அன்றே கவலைப்பட்டவர் ஒருவர் இருந்தார். வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த இரவீந்திரநாத தாகூர் 1921 மார்ச்சில் நண்பர் ஆண்ட்ரூசுக்கு எழுதிய மடல்கள் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றில் அவர் ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார். வங்காளத்தில் சுதேசி இயக்கம் கொழுந்துவிட்ட நாள்களில் மாணவர் கூட்டமொன்று அவர் இல்லத்திற்கு வந்து, அவர் ஆணையிட்டால் அக்கணமே பள்ளியையும் கல்லூரியையும் விட்டுவிடுவதாகக் கூறிற்று. அவர் உறுதியாக மறுத்தார். மாணவர் அவருடைய நாட்டுப்பற்றையே ஐயுற்றுச் சினத்துடன் திரும்பினர். வெற்றிடத்தை நம்பிப் பிள்ளைகளை வெளியே இழுக்கலாகாது என்பது தாகூரின் கருத்து. அவ்வாண்டு ஜூன் முதல் நாள் 'யங் இந்தியா'வில் காந்தியடிகள் இதற்கு விடையெழுதினார். அன்றைய கல்விமுறை அடிமைத்தனத்தையே வளர்க்கிறது என்பது அவர் நிலை. சொல்லாற்றல் மிக்க இருபெருமக்கள் ஒருவரையொருவர் போற்றிக்கொண்டே வாதிட்ட அக்கட்டுரைகள் வாதக்கலை பயில்வோர் இன்றும் பாடமாகக் கொள்ளத்தக்கவை. ஆயினும் விலை கொடுத்தவர் அவ்விருவரும் அல்லர்.

கிருஷ்ணமூர்த்தியின் மறுமொழி பள்ளியைத் துறந்ததோடு நிற்கவில்லை. 1923 முதல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியராக இருந்து ஏறத்தாழ ஐந்தாண்டு பயின்றார். திரு.வி.க.வோ மேடைத்தமிழுக்குத் தனியழகு தந்தவர். அந்நடை கேட்போரை மீண்டும் மீண்டும் அலைபோல வந்து மோதும் இயல்புடையது. அருகிருந்து பயின்றவர் அதைக் கிளியாய்ப் பின்பற்றியிருந்தால் தமிழுக்கு இன்னொரு திரு.வி.க. நடை கிடைத்திருக்கும், அவ்வளவே. கல்கி அதை விட்டு விலகி, எதிரில் அமர்ந்து உரையாடுவது போன்ற நகைச்சுவை நடையைக் கண்டெடுத்தார்.

அதன்பின் அவர் வந்த இடம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். 1925இல் இராஜாஜி தோற்றுவித்த அவ்வாசிரமம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1929இல் அங்கிருந்து வெளிவந்த 'விமோசனம்' மதுவிலக்குப் பிரசாரத்திற்கென்றே நடத்தப்பட்ட இதழ். இராஜாஜி ஆசிரியர், கல்கி துணையாக நின்றார். மேடைச்சொல்லுக்கு வயப்பட்டுப் பள்ளியை விட்டவர் எட்டாண்டுகளில் பிறரை வயப்படுத்தும் எழுத்தை எழுதுபவராயினார். குடிப்பவனைப் பழிப்பதைவிட அவன் வீட்டைக் கதையாக்கிக் காட்டுவது பயன்தரும் என்பதை அவர் அங்கே அறிந்தார் என்று கருத இடமுண்டு. 1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்தில் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் பெருமை இராஜாஜி அமைச்சரவைக்கு உரியது. அதற்கு நிலம் பண்படுத்திய சிற்றிதழை இன்று நினைப்போர் சிலரே.

ஆற்றங்கரையில் ஓர் ஏடு

இரண்டாமவரிடம் செல்லுமுன் ஏதென்சு நகர்ப்புறத்தில் நிகழ்ந்ததாகப் பிளேட்டோ வரைந்த ஓர் உரையாடலை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். பீட்ரசு என்னும் இளைஞன் லைசியசு என்ற உரைவல்லாரின் பேச்சில் மயங்கி, அதை மனப்பாடம் செய்வதற்காக நகர்மதிலுக்கு வெளியே நடந்து செல்கிறான். வழியில் சாக்ரடீசு எதிர்ப்படுகிறார். பேச்சின் சாரத்தை மட்டும் நினைவிலிருந்து சொல்வதாக இளைஞன் கூற, மேலாடைக்குள் மறைத்திருக்கும் ஏட்டை முதலில் வெளியே எடு என்கிறார் அவர். இருவரும் சிற்றாற்றின் கரையில் மரநிழலில் அமர்கின்றனர். சாக்ரடீசு முதலில் லைசியசின் பக்கம் நின்றே ஒரு பேச்சுப் பேசுகிறார். பின்னர் அதனை மறுத்து, நேர்மாறான இன்னொன்றைப் பேசுகிறார். ஒரே நாவிலிருந்து இரு பக்கமும் வந்த பின்னரே மயக்கம் தெளியத் தொடங்குகிறது. எழுதப்பட்ட பேச்சை எத்தனை முறை கேள்வி கேட்டாலும் அது ஒன்றையே திரும்பச் சொல்லும் என்ற குறையும் அங்கே எடுத்துரைக்கப்படுகிறது.

மேலாடைக்குள் ஏட்டை மறைத்த அவ்விளைஞனைப் போன்றோர் 1930களில் தமிழகத்தின் ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியிலும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் 1924இல் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி. திருவாரூர்ப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்டபோது, சேர்த்துக்கொள்ளாவிடில் எதிரேயுள்ள கமலாலயக் குளத்தில் விழுந்துவிடுவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லி இடம் பெற்ற கதையை அவரே தம் தன்வரலாறான 'நெஞ்சுக்கு நீதி'யில் எழுதியுள்ளார். பிறர் சொல்லுக்கு வயப்படுமுன்னரே பிறரைத் தம் சொல்லால் வயப்படுத்திய சிறுவர் எனலாம். பள்ளியில் துணைப்பாடமாக இருந்த 'பனகல் அரசர்' என்னும் சிறுநூலை முழுவதும் மனப்பாடம் செய்தார். நீதிக்கட்சித் தலைவரின் வாழ்க்கையைக் கூறும் அந்நூலே அவருக்கு அரசியலின் அரிச்சுவடி ஆயிற்று. முழுமையான கிளிப்பாடம்தான், ஆயின் கிளி கூட்டில் நிற்கவில்லை.

1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியில் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் குரல் தனித்து ஒலித்தது. திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையை முன்னின்று நடத்தியவருள் அவரும் ஒருவர். அக்குரல் பதினான்கு வயது மாணவரைத் தெருவுக்கு அழைத்து வந்தது. கேட்ட மாணவர் பின்னாளில் தம் மகனுக்கு அழகிரி என்று பெயரிட்டார். ஒரு சொற்பொழிவுக்குக் கேட்டவர் தரக்கூடிய மறுமொழிகளுள் இதைவிட நீண்டகாலம் நிற்பது எது?

பெயரிடுதல் மட்டுமன்றிப் பெயர் மாற்றுதலும் அத்தலைமுறையின் மறுமொழியாக இருந்தது. மறைமலையடிகளின் தனித்தமிழ்ச் சிந்தனையும் தன்மதிப்பு இயக்கத்தின் பேச்சும் ஒருங்கே பாய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் யாவரும் அறிந்தவை. பெற்றோர் இட்ட பெயரைக் கைவிடுதல் எளிய செயலன்று. வீட்டார் பழைய பெயரிலேயே அழைக்க, வெளியார் புதிய பெயரில் அழைக்க, ஒருவரே இருவராய் வாழ்ந்த காலம் அது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1943 இறுதியில் திராவிட மாணவர் கழகம் தோன்றியதும், அதில் முன்னின்றவருள் ஒருவரான கருணானந்தம் பின்னாளில் கவிஞராக மலர்ந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை.

திருவாரூர் மாணவர் 'மாணவநேசன்' என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தினார். அச்சகத்திற்குப் பொருளில்லாமையால் படி ஒவ்வொன்றும் கையாலேயே எழுதப்பட்டது. 1942 மார்ச்சில் காஞ்சியிலிருந்து அறிஞர் அண்ணாவின் 'திராவிட நாடு' வெளிவரத் தொடங்கிற்று. அதைப் படித்த மாணவர் 'இளமைப்பலி' என்ற கட்டுரையை எழுதி அனுப்ப, அண்ணா அதை வெளியிட்டார். பின்னர்த் திருவாரூர்க்கு மீலாது நபி விழாவில் பேச வந்த அண்ணா, கட்டுரையாளரைக் காண விரும்பினார். வந்து நின்றவர் பதினெட்டு வயதும் நிறையாத பள்ளி மாணவர். அண்ணா வியந்தார், பின்னர், முதலில் நன்றாகப் படிக்கவேண்டும், இனிக் கட்டுரை அனுப்ப வேண்டா என்று அறிவுரை கூறினார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் இருவரது முதற்சந்திப்பாகவே பேசப்படுகிறது. அதில் அடங்கியுள்ள முரண் பேசப்படுவதில்லை. தாம் எழுதிய எழுத்தே ஓர் இளைஞனைப் படிப்பிலிருந்து இழுக்கிறது என்பதைக் கண்ட பேச்சாளர், தம் ஆற்றலுக்குத் தாமே அணையிட முயன்ற அரிய வேளை அது. அண்ணா பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, தேர்வெழுதி முடித்த நிலையில் 1934இல் திருப்பூரில் பெரியாரைச் சந்தித்தவர். படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பொதுவாழ்வுக்கு வந்தவர்க்கு அதன் அருமை தெரிந்திருந்தது. தாகூர் தம் இல்லத்தில் மாணவர்க்குச் சொன்ன மறுப்புக்கும் அண்ணா திருவாரூரில் சொன்ன அறிவுரைக்கும் இடையில் முப்பதாண்டுக்கு மேற்பட்ட தொலைவு இருப்பினும், உள்ளே ஓடும் பரிவு ஒன்றே. தாகூரை விட்டு மாணவர் சினந்து சென்றனர். அண்ணாவின் அறிவுரையை மாணவர் தலைவணங்கிக் கேட்டார், ஆனால் பின்பற்றவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே 'சேரன்' என்ற புனைபெயரில் 'முரசொலி' துண்டறிக்கையாக வெளிவந்தது. பள்ளியிறுதித் தேர்வில் அவர் தேறவில்லை.

பிற்காலப் புகழைக் கண்டு இதை நியாயப்படுத்துவோர் உண்டு. அது முறையன்று. பள்ளியை விட்டவர் எல்லாரும் கல்கியோ கலைஞரோ ஆகவில்லை. பெயர் தெரியாது போன பல்லாயிரவர் செலுத்திய விலைக்கு யாரும் கணக்கு வைத்திலர். 1965 ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானபோது, கேட்டலின் விலை உயிரளவுக்கு உயர்ந்துவிட்டதைத் தமிழகம் கண்டது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாள்

பேச்சு ஒருபக்கமாகவே ஒலிக்கும்போது கேட்கும் மாணவனுக்கு வயப்படுதலும் விலகுதலுமாகிய இருவழிகளே உண்டு. இருபக்கமும் ஒரே மேடையில் ஒலித்த நாள் சேலத்திற்கு வாய்த்தது.

கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிட வேண்டும் என்று தன்மதிப்பு இயக்கத்தார் முழங்கிய காலம் அது. இதன்மேல் இரு சொற்போர்கள் நிகழ்ந்தன. 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில், மாணவர் நிறைந்த மண்டபத்தில், அண்ணாவும் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையும் எதிரெதிர் நின்றனர். மார்ச் 14 அன்று சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தேவாங்கர் பாடசாலை மண்டபத்தில், சேலம் கல்லூரி முதல்வர் அ. இராமசாமிக் கவுண்டர் தலைமையில், அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வாதிட்டனர். இரண்டும் பின்னர்த் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் நூலாயின.

எதிரிகள் என்று இவர்களைக் கருதிவிடலாகாது. 1937-38 இந்தி எதிர்ப்பில் பாரதியாரும் அண்ணாவும் ஒரே அணியில் நின்றவர். சேதுப்பிள்ளையும் அண்ணாவும் அடுக்குமொழியிலும் எதுகை மோனையிலும் உடன்பிறப்புப் போன்றவர். சேதுப்பிள்ளைக்கு வழங்கிய 'சொல்லின் செல்வர்' என்னும் பட்டமோ, கம்பன் காவியத்தில் இராமன் அனுமனைப் பாராட்டும் தொடரிலிருந்து வந்தது. கம்பனைக் காக்க வந்தவர் கம்பன் சொல்லையே அணியாகப் பூண்டிருந்தார்!

அண்ணாவின் வாதம் காவியச் சுவையைப் பற்றியதன்று. கவிச்சுவையைத் தாம் மறுக்கவில்லை என்றும், அச்சுவையின் வழியே ஆரிய மேன்மை தமிழர் மனத்தில் ஏற்றப்படுகிறது என்பதே தம் குற்றச்சாட்டு என்றும் அவர் நிறுத்தினார். எதிர்த்தவர் கம்பன் கலையையும் அதில் விளங்கும் தமிழ் மரபையும் காட்டினர். ஒருவர் சமூகத்தைப் பேச, மற்றவர் இலக்கியத்தைப் பேசினார். இருவரும் ஒரே பொருளைப் பேசவில்லை என்ற குறை உண்மையே. ஆயினும் ஒரு நூலைத் தீயிடுவதா காப்பதா என்ற வினாவுக்கு விடைகாண விழையும் மாணவன் செய்யத்தக்கது, வீட்டுக்குப் போய் அந்நூலைத் திறப்பது ஒன்றே. எரிக்கச் சொன்னவரின் மேற்கோளும் காக்கச் சொன்னவரின் மேற்கோளும் அதில் எங்கே, எச்சூழலில் உள்ளன என்று பார்த்தவன், பவணந்தியார் கூறிய அன்னத்தின் வேலையைத் தொடங்கிவிட்டவன். அன்றைய கூட்டத்தில் கைதட்டியோர் தொகை வரலாற்றுக்கு வேண்டுவதன்று.

வள்ளுவர் கேள்வியை 42ஆம் அதிகாரமாக வைத்து, அறிவுடைமையை அதற்கு அடுத்து வைத்தார். சொல்வன்மை 65ஆவதாக நெடுந்தொலைவு தள்ளியே வருகிறது. கேட்டவன் அறிவுடையனாகிப் பின்னரே பேசப் புகவேண்டும் என்று அவர் கருதினாரோ என்னவோ. தமிழகத்து இளைஞர் அந்த இருபத்திரண்டு அதிகாரங்களைப் பல வேளைகளில் ஒரே தாவலில் கடந்தனர்.

சொற்போர் நிகழ்ந்த மறு ஆண்டு, 1944 ஆகஸ்ட் 27 அன்று, அதே சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிற்று. இன்னும் சில ஆண்டுகளில் திருவாரூர் மாணவர் உரையாடல் எழுதுபவராக இந்நகர்க்கு வந்தார். ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்சில் 1950இல் உருவான 'மந்திரிகுமாரி' மேடைத்தமிழைத் திரைக்குக் கொண்டு சென்ற படங்களுள் ஒன்று. பாரதிதாசனும் அந்நிறுவனத்திற்கு எழுதியவரே. படநிலையம் மறைந்தபின் அதன் முகப்பு வளைவு மட்டும் எஞ்சிற்று. மலையிலிருந்து இறங்குவோர் அதைக் கடந்தே நகர்க்குள் நுழைவர். நகர மண்டபத்தில் சில நூறு பேர் கேட்ட அடுக்குமொழி, அங்கிருந்து இலட்சக்கணக்கானோர் செவிக்குச் சென்றது. கேட்டவர் தொகை பெருகிற்று. மேடையிலேனும் எதிர்வாதம் செய்ய ஒருவர் எழுந்து நிற்கலாம். இருட்டில் அமர்ந்து படம் பார்ப்பவர்க்கு அதுவும் இல்லை. பிளேட்டோ எழுத்தின்மேல் சாற்றிய குறை இங்கே இன்னும் கூடுதலாகவே பொருந்துகிறது.

செவ்வாய்ப்பேட்டைச் சொற்போரை அடுத்து இருபத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடியது. அண்ணா அப்போது முதலமைச்சர். மாநாட்டையொட்டிக் கடற்கரையில் வள்ளுவர், ஔவையார், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன் முதலானோர்க்குச் சிலைகள் எடுக்கப்பட்டன. அவ்வரிசையில் கம்பர்க்கும் ஒரு சிலை நின்றது. சேலத்தில் கம்பனுக்காக வாதிட்ட சோமசுந்தர பாரதியார் 1959இலும், சட்டக் கல்லூரியில் வாதிட்ட சேதுப்பிள்ளை 1961இலும் மறைந்துவிட்டிருந்தனர்.